உஷார்! மோட்டார் கொட்டகையில் பை தூங்குகிறது

வத்தலக்குண்டைச் சுற்றித் தென்னையும் வாழையும் வைத்திருப்பவர்களே, மோட்டார் கொட்டகையில் நீர்மட்டம் பார்க்க ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியை மாட்டியிருந்தால் மழைக்காலம் வரும்வரை காத்திருக்காதீர்கள், இன்றைக்கே பாருங்கள். போன கோடையில் என் கிணற்றில் தண்ணீர் இறங்கியதை சென்சார் சரியாகவே கண்டது. செய்திதான் வீட்டுக்கு வரவில்லை. ராத்திரி பத்து மணிக்கு வந்த ‘நீர்மட்டம் சரி’ என்பதே போனில் அப்படியே நின்றது. விடிகாலையில் கொட்டகைக் கதவைத் திறந்ததும் தண்ணீரில்லாமல் ஓடிய மோட்டாரின் காயில் கருகிய வாடை முகத்தில் அடித்தது. பையின் பச்சை விளக்கோ ஒன்றும் நடக்காததுபோல் மினுக்கிக்கொண்டிருந்தது!

2016-ல் வந்த பை 3 முதல் வைஃபை போர்டிலேயே இருக்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த அது இடையிடையே கண்ணயரும். இதுதான் ‘பவர் சேவ்’. ரௌட்டர் பட்டியலில் பையின் பெயர் இருக்கும், ஆனால் வீட்டிலிருந்து பிங் அடித்தால் முதல் நாலைந்துக்குப் பதிலே வராது, வந்தாலும் இழுத்து இழுத்து வரும். அந்த இழுவையைப் பார்த்தால் முதலில் பவர் சேவை அணையுங்கள். கட்டளை அடித்து அணைத்தால் அடுத்த கரண்ட் கட்டோடு அது போய்விடும், அமைப்பிலேயே எழுத வேண்டும். பையின் இயங்குதளத்தில் 2023 அக்டோபரில் வந்த புக்வோர்ம் பதிப்பு முதல் நெட்வொர்க் மேனேஜர்தான் வைஃபையைக் கவனிக்கிறது. பழைய வீடியோக்களைப் பார்த்துப் பழைய கோப்புகளில் எழுதி ஏமாறாதீர்கள். இன்னொரு பொறி: நெட்வொர்க் மேனேஜரில் பவர் சேவுக்கு 2 போட்டால்தான் அணையும். 0 என்றால் ‘வழக்கம்போல் இரு’ என்றுதான் அர்த்தம். நான் 0 போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியவன்.

அடுத்தது சார்ஜர். பழைய போன் சார்ஜரை மாட்டியிருந்தால் கழற்றுங்கள். பை 3-க்கு 2.5 ஆம்பியர், பை 4-க்கு 3 ஆம்பியர் வேண்டும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பை 3-ன் சிவப்பு விளக்கு அணைந்து எரியும். அந்தத் தடுமாற்றத்தில் வைஃபையும் விழலாம். இரும்புப் பெட்டிக்குள் வைத்திருந்தால் சிக்னலும் கெடும்.

‘வாட்ச்டாக் இருக்கிறதே’ என்று நினைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பை உறைந்தால்தான் அது எழுப்பும். வைஃபை மட்டும் செத்தால் அதற்குத் தெரியாது. அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரௌட்டரை பிங் அடித்துப் பார்க்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை க்ரான் அட்டவணையில் போடுங்கள். மூன்று முறை தவறினால் வைஃபையை இறக்கி ஏற்றட்டும், அதற்கும் மசியாவிட்டால் ரீபூட். பிங் ரௌட்டருக்குத்தான், கூகுளுக்கு அல்ல. இல்லாவிட்டால் ஊரில் இணையம் போகும்போதெல்லாம் பை வீணாக ரீபூட் ஆகும்.

முக்கியமானது: மோட்டாரை நிறுத்தும் பொறுப்பை வைஃபையிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே தண்ணீரில்லாமல் ஓடவிடாத டிரை ரன் பாதுகாப்பு இருக்கட்டும், பை சேதி சொன்னால் போதும்.

இன்று சாயங்காலம் ரௌட்டரை இருபது நிமிடம் அணைத்துவிட்டுப் போடுங்கள். கொட்டகைக்குப் போய் கையை வைக்காமலே பை தானாகத் திரும்பி வருகிறதா என்று போனில் பாருங்கள். வரவில்லையென்றால் ராத்திரி மோட்டாரை ஓட விட்டுத் தூங்காதீர்கள்.