தன் கையாலேயே கம்ப்யூட்டர் பூட்டிய தாராவிப் பெண்!

மும்பை:

மாலை நேரக் கூட்டம். மாகிமில் வந்து நின்ற ஸ்லோ லோக்கலில் இருந்து ஒரு தகப்பனும் மகளும் இறங்கினார்கள். தகப்பனார் தோளில் பெரிய அட்டைப்பெட்டி. மகளின் கையில் இரண்டு பைகள். யாரும் முட்டிவிடக் கூடாதே என்று இருவரும் பிளாட்பாரத்தின் ஓரமாகவே ஒதுங்கி நடந்தார்கள்.

அவர்கள் கொண்டுவந்தது ஒரு கம்ப்யூட்டர். சரியாகச் சொன்னால், கம்ப்யூட்டர் ஆகப்போகும் ஏழு சாமான்கள்: மதர்போர்டு, பிராசஸர், அதன் தலைக்கு ஒரு விசிறி, ராம், எஸ்.எஸ்.டி., மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்., இவை எல்லாம் குடியிருக்க ஒரு கேபினட்.

விலை ரூ.45,000. தாராவி 90 அடி சாலைக்குப் பக்கத்துச் சந்தில் இட்லி வியாபாரம் செய்யும் குடும்பத்துக்கு அது சிறிய தொகையா? தாய் சீட்டுப் போட்டு எடுத்த பணம் அது.

ஏன் இந்தத் துணிச்சல்?

மகள் கல்லூரி மாணவி. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தொகுக்கத் தெரியும். சயானில் உள்ள ஒரு ஸ்டூடியோக்காரர், "சொந்த மெஷின் இருந்தால் முதல் தேதியில் இருந்து வீட்டுக்கே வேலை தருகிறேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்த வேலைக்குத் தாங்கும் லேப்டாப், கையில் இருந்த பணத்துக்குள் அடங்கவில்லை. பூட்டும் கம்ப்யூட்டரில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். "நானே பூட்டுகிறேன்" என்றாள் பெண்.

இது எப்படிச் சாத்தியம்? 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். கம்பெனி தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, பிறர் செய்த பாகங்களையே பெரும்பாலும் வாங்கிக் கோத்தது. அமைப்பையும் மறைக்கவில்லை. அதனால் மற்றவர்களும் பொருந்தும் பாகங்களைச் செய்யத் தொடங்கினார்கள். 1995-இல் இன்டெல் கம்பெனி ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது. திருகு துளைகள் எங்கே இருக்க வேண்டும், மின்சார ஒயர் எங்கே செருக வேண்டும் என்பதற்கெல்லாம் ஒரே கணக்கு. தண்டவாளத்தின் அகலம் ஒன்றாக இருந்தால், எந்தப் பணிமனையில் செய்த வண்டியும் அதில் ஓடும் அல்லவா? அதைப் போலத்தான் இதுவும்.

லாமிங்டன் ரோட்டில்

கிராண்ட் ரோடு நிலையத்தில் கிழக்குப் பக்கம் இறங்கிச் சிறிது நடந்தால் லாமிங்டன் ரோடு. டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாற்றி எத்தனையோ காலம் ஆகியும், 1903 முதல் 1907 வரை பம்பாய் கவர்னராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயரைத்தான் ஜனங்கள் இன்றும் சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் சாமான்களுக்கு மும்பையில் பெயர்பெற்ற கடைவீதி அது.

வாங்குவதற்கு முன் இரண்டு முறை வெறுங்கையோடு போய் விலை கேட்டு வந்தார்கள். அந்த இரண்டு நடைதான் பணத்தைக் காப்பாற்றியது.

ஒரு கடையில் பிராசஸர் மலிவாகக் கிடைத்தது. பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து. அந்த எழுத்து இருந்தால், திரையில் படம் காட்டும் பகுதி அதற்குள் இல்லை என்று அர்த்தம். தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். மலிவு அங்கேயே முடிந்துபோகும்!

இன்னொரு கடையில் கேபினட்டோடு எஸ்.எம்.பி.எஸ். இலவசம் என்றார்கள். அதையும் அவள் தொடவில்லை. மட்டமான எஸ்.எம்.பி.எஸ். கெடும்போது, மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுக்கக்கூடும். '80 பிளஸ்' முத்திரை உள்ளதைத் தனியாக வாங்கினாள்.

இடித்தது ராம்தான். 2025-இன் பிற்பகுதியில் அதன் விலை மளமளவென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கம்ப்யூட்டர் நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாங்கிக் குவித்ததே காரணம். எனவே 16 ஜி.பி.யில் ஒரே ஒரு துண்டு வாங்கினாள். இன்னொன்றுக்குப் போர்டில் இடம் இருக்கிறது. மானிட்டரும் வாங்கவில்லை. வீட்டு டி.வி.யே போதும் என்று விட்டுவிட்டாள்.

மூன்றாவது கம்பி

வீட்டுக்கு வந்ததும் பூட்டத் தொடங்கிவிடவில்லை. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணன் முதலில் பிளக் பாயிண்டைச் சோதித்தார். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பு வைத்துப் பார்த்தார். எரியவில்லை! மூன்று துளை இருந்ததே தவிர, மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே கண்டென்சர்கள் உண்டு. அவற்றின் வழியே சிறிதளவு மின்சாரம் கசியும். அது எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். கம்பி இல்லாவிட்டால் கேபினட்டைத் தொடும்போது விறுவிறுக்கும். உள்ளே பெரிய கோளாறு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியன் மெயின் போர்டில் இருந்து எர்த் கம்பி இழுத்துக் கொடுத்தார். அதற்கு ஒரு நாள் போயிற்று. முதல் தேதிக்கு இன்னும் மூன்றே நாள்.

கை நடுங்கிய இடம்

மறுநாள் இரவு, இட்லிக்கு மாவு அரைத்து முடித்தபின் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பிராசஸர் உட்காரும் குழியில் மயிரிழை போன்ற 1718 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் போர்டு வீண். கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார். பிராசஸரின் மூலையில் உள்ள முக்கோணத்தைக் குழியின் மூலையில் உள்ள முக்கோணத்தோடு சேர்த்து, அழுத்தாமல் மெல்ல வைத்தாள். அதன்மேல் பட்டாணி அளவு வெப்பப் பசை. அதற்கு மேல் விசிறி. பிறகு ராம், எஸ்.எஸ்.டி. கேபினட்டில் பித்தளைத் தாங்கிகளைத் திருகி, அவற்றின்மேல் போர்டைப் பொருத்தினாள். தாங்கி இல்லாமல் போர்டு தகரத்தில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

இரவு 11 மணிக்கு சுவிட்சைப் போட்டாள். விசிறி சுழன்றது. திரை இருட்டாகவே இருந்தது.

தகப்பனார் மெதுவாகக் கேட்டார்: "போச்சா, பிள்ளே?"

"பொறுங்கப்பா" என்றாள். அவளுக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது.

விசிறி சுழல்வதால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. போர்டின் ஓரத்தில் ஒரு சிறு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கையேட்டைப் புரட்டினாள். அது ராமுக்கான எச்சரிக்கை விளக்கு. மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு முனை முழுதாக இறங்கவில்லை. போர்டு முறிந்துவிடுமோ என்று பயந்து பாதியிலேயே நிறுத்தியிருக்கிறாள்! 'டிக்' என்று கொக்கி விழும்வரை அழுத்தினாள்.

மறுபடி சுவிட்ச். மறுபடியும் இருட்டு. அதே விளக்கு.

"அணைச்சிருவோம், புகைஞ்சிரப் போகுது" என்றார் தாய். ஆனால் மகள் கையேட்டின் அடுத்த வரியைப் படித்துவிட்டிருந்தாள். டி.டி.ஆர். 5 வகை ராம், முதல் தடவை போர்டோடு பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். புதிதாகப் பூட்டும் பலர் அந்த நேரத்தில்தான் பயந்துபோய் அணைத்துவிடுகிறார்கள்.

நால்வரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி கடிகாரத்தைப் பார்த்தபடி நிமிடங்களை எண்ணினான். நான்காவது நிமிடம் விளக்கு அணைந்தது. டி.வி.யில் எழுத்துக்கள் தோன்றின!

தகப்பனார் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். விடியற்காலை 4 மணிக்கு இட்லி ஊற்ற வேண்டும். அன்று அவர் தூங்கவே இல்லை.

பரணில் ஏழு பெட்டிகள்

மறுநாள் காசு கொடுக்காமல் கிடைக்கும் லினக்ஸை ஏற்றினாள். வீடியோ தொகுக்கும் மென்பொருளும் அதில் இலவசம். முதல் தேதி ஸ்டூடியோக்காரர் கொடுத்தது ஒரு காதுகுத்து விழா. இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தாள். இப்போது மாதாமாதம் சீட்டுத் தவணையை அவளே கட்டுகிறாள்.

ஏழு காலி அட்டைப்பெட்டிகளும் ஜி.எஸ்.டி. பில்களும் பரணில் பத்திரமாக இருக்கின்றன. ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டி தனித்தனி. பில் இல்லாமல் கேட்க முடியாது. கம்ப்யூட்டர் பூட்ட நினைப்பவர்களுக்கு அவள் சொல்லும் யோசனையும் சுருக்கமானது: "முதலில் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். கையேட்டைப் படியுங்கள். திரை இருட்டாக இருந்தால் பதறாதீர்கள்."

அதே சந்தில் இன்னொரு வீட்டுப் பையன் இப்போது விலை கேட்டுக்கொண்டு திரிகிறான். அவனோடு லாமிங்டன் ரோட்டுக்குத் துணைக்குப் போகிறவர், அந்த இட்லி வியாபாரிதான்!