சுவருக்குள் தங்கும் வெள்ளம்

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் புயல் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தால், தண்ணீரை இறைப்பது சில மணி நேர வேலைதான். சுவரில் ஊறிய ஈரத்தை எடுப்பதே பெரும்பாடு. அங்கே உட்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகைகள். இருபக்கமும் காகிதம் ஒட்டிய அந்தப் பலகை, தரையில் நிற்கும் நீரை மேலே இழுத்துக்கொள்ளும். ஈரம் நின்றால் 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும்.

வெள்ளம் புகுந்த வீடுகளைச் சீரமைக்கும் ஒப்பந்ததாரர்கள் நம்பியிருப்பது டிஹியூமிடிஃபையர் என்ற ஈரநீக்கியை. அது அறைக் காற்றை இழுத்து, குளிர்ந்த குழாய்ச் சுருளின் மேல் செலுத்தும். காற்றிலுள்ள நீராவி அங்கே துளித்துளியாகப் படிந்து வடியும். ஏசியிலும் இதே வேலைதான் நடக்கிறது. ஆனால் ஏசி வெப்பத்தை வெளியே தள்ளிவிடும்; ஈரநீக்கியோ உலர்ந்த காற்றை வெப்பச் சுருள் வழியாக அறைக்கே திருப்பி அனுப்பும். சூடான அந்த வறண்ட காற்று மரத்திலிருந்து ஈரத்தை வாங்கும். கூடவே மின்விசிறிகள் சுவரை ஒட்டி விடாமல் வீசிக்கொண்டிருக்கும்.

தினமும் ஒருவர் வந்து ஈரமானியின் இரண்டு ஊசிமுனைகளை மரச்சட்டத்தில் குத்தி அளவு பார்ப்பார். அதே வீட்டில் நனையாத மரம் காட்டும் அளவுக்கு அருகே இறங்கும்வரை, பலகையை அகற்றித் திறந்த சுவரை மீண்டும் மூடக் கூடாது. இதற்குச் சாதாரணமாக மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். அதுவரை எந்திரங்கள் அந்த வீட்டை விட்டு நகர முடியாது.

புயல் காலத்தின் நெருக்கடி இங்கேதான் என்பது என் எண்ணம். வெளிமாநிலத்திலிருந்து ஆட்களைக் கூட்டி வரலாம். மரம் உலரும் வேகத்தைக் கூட்ட முடிவது கொஞ்சமே. 2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீன் புயல் கரையேறியது; அதில் டாம்பா விரிகுடாக் கரையோர வீடுகளுக்குள் கடல் புகுந்தது. அக்டோபர் 9 அன்று சியஸ்டா கீ அருகே மில்டன் புயல் கரையேறியபோது, பிய்த்துப்போட்ட பலகைகளும் மெத்தைகளும் இன்னும் தெருவோரம் குவிந்து கிடந்தன. மில்டனால் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. மின்சாரம் இல்லாத வீட்டில் ஈரநீக்கி ஓட ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டருக்கு எரிபொருள் வேண்டும்.

எந்திரம் கிடைக்கத் தாமதமானாலும் பலகையை அறுப்பதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கடல் வெள்ளம் கழிவுநீர் கலந்த நீராகவே கருதப்படும் என்பதால், அதில் ஊறிய பலகையை எப்படியும் அகற்றத்தான் வேண்டும். நீர் ஏறிய மட்டத்துக்கு மேல்வரை அறுத்தெடுத்து, சுவருக்குள் அடைத்திருக்கும் நனைந்த வெப்பக்காப்புப் பஞ்சையும் உருவிவிட்டால், மரச்சட்டத்தில் காற்றுப் படும்.