தலைநகர்த் திருவிழாக்கள் – 11: பிரேக் பிடிக்க ஓர் ஆள்

கோபன்ஹேகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிர்ப்புறமே டிவோலி. கேளிக்கைப் பூங்கா என்றால் ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையோரத்தில் எங்கோ இருக்கும் என்பது நம் பழக்கம். இங்கே ஒரு பக்கம் நகர மண்டபம், மறுபக்கம் ரயில் நிலையம், நடுவில் ராட்டினம்.

பிறந்தபோது அதுவும் ஊருக்கு வெளியேதான் இருந்தது. பிறகு ஊர் வளர்ந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டது. 1843-ல் கோபன்ஹேகன் கோட்டை மதிலுக்குள் நெருக்கியடித்துக் கிடந்த நகரம். மேற்கு வாசலுக்கு அப்பால், பீரங்கிகளின் பார்வைக்கு மறைப்பில்லாமல் ராணுவம் காலியாக வைத்திருந்த நிலம். அதில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கியவர் நம் தொழில்காரர்தான். கியோர்க் கார்ஸ்டன்சன் பத்திரிகை நடத்தியவர். சந்தாதாரர்களுக்குத் தோட்டத்தில் இசையும் வாணவேடிக்கையுமாக விருந்து வைத்தே பேர் வாங்கியவர். (நம் ஆசிரியர் இந்த வரியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம்.)

மக்கள் சிரித்துக்கொண்டிருந்தால் அரசியல் பேச மாட்டார்கள் என்று மன்னர் எட்டாம் கிறிஸ்டியனிடம் சொல்லித்தான் அவர் அனுமதி வாங்கினார் என்று ஒரு கதை உண்டு. மன்னர் அதை நம்பியிருந்தால் ஏமாந்துதான் போனார். 1849-ல் டென்மார்க்குக்கு அரசியல் சட்டம் வந்து, மன்னர் வைத்ததே சட்டம் என்ற காலம் முடிந்துவிட்டது. ராட்டினம் மட்டும் நிற்கவில்லை.

ராணுவ நிலம் என்பதால் அங்கே கல் கட்டடம் எழுப்ப முடியாது. போர் வந்தால் பிரித்துப்போட வசதியாக எல்லாம் மரத்தில், இலேசாக இருக்க வேண்டும். சீனக் கூரை, அரபுக் கோபுரம் என்று டிவோலி பார்வைக்கு ஒரு நாடக செட் மாதிரி இருப்பதற்கு கார்ஸ்டன்சனின் ரசனை பாதிக் காரணம். இந்த நிபந்தனை மீதிக் காரணம். உள்ளே படகு விடும் ஏரி, பழைய கோட்டை அகழியின் மிச்சம்.

முதல் பருவத்திலேயே வந்து பார்த்தவர்களில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனும் ஒருவர். சீனப் பேரரசரும் நைட்டிங்கேல் பறவையும் வரும் கதையை அவர் எழுதத் தொடங்கியது அந்த இலையுதிர்காலத்தில்தான். அசல் பறவையை விட்டுவிட்டு, சாவி கொடுத்தால் பாடும் பொம்மைப் பறவையிடம் அரண்மனை மயங்கிப்போகும் கதை அது.

டிவோலியில் என்னைப் பிடித்து நிறுத்தியவையும் சாவி கொடுத்து விட்டுவிட முடியாத சில வேலைகள்தான். 80 மீட்டர் உயரத்தில் சங்கிலி நாற்காலிகளைச் சுழற்றும் ராட்டினம் இருக்கிறது. அதைப் போன்றவற்றை மற்ற ஊர்களிலும் பார்க்கலாம். 1914-ல் கட்டிய மர ரோலர் கோஸ்டர் அப்படியல்ல. ரயில் கிளம்பும்போது பயணிகளோடு ஓர் ஊழியரும் ஏறிக்கொள்கிறார். கையில் பிரேக் நெம்புகோல். கம்ப்யூட்டர் கிடையாது. எந்த இறக்கத்தில் விட்டுப் பிடிப்பது, எந்தத் திருப்பத்துக்கு முன்னால் இழுப்பது எல்லாம் அவர் கைக்கணக்கு. குழந்தைகள் வீறிடும்போது அவர் முகம் மட்டும் டவுன் பஸ் டிரைவர் முகம் போல அசையாமல் இருக்கும். உலகத்தில் இப்படி ஆள் ஏறி ஓட்டும் கோஸ்டர்கள் இன்று சொற்பம்.

அடுத்தது பாண்டமைம் தியேட்டர். 1874-ல் வில்ஹெல்ம் டாலரப் வடிவமைத்தது. அதே ஆண்டில் கோபன்ஹேகனில் திறந்த ராயல் தியேட்டரிலும் அவர் கை உண்டு. இங்கே மேடைக்கு மட்டும்தான் கூரை. பார்க்கிறவர்கள் திறந்தவெளியில் நிற்க வேண்டியதுதான். திரைச்சீலைக்குப் பதில் ஒரு பெரிய மயில். நேரமானதும் அதன் தோகை மடிந்து இரண்டு பக்கமும் இறங்க, பின்னால் மேடை தெரிகிறது. நாடகத்தில் பேச்சே கிடையாது. வெள்ளை முகத்துப் பியரோ, கட்டம்போட்ட உடையில் ஹார்லெக்வின், அவன் காதலி கொலம்பைன் என்று இத்தாலியத் தெருக்கூத்திலிருந்து வந்த பாத்திரங்கள். ஆட்டம் முடிந்ததும் 'ஏதாவது பேசு பியரோ!' என்று குழந்தைகள் கத்துவார்கள். அதுவரை வாய் திறக்காதவர் அப்போது மட்டும் நாலு வார்த்தை பேசுவார். இந்த மேடையின் பாலே நாடகங்களுக்கு உடையும் அரங்கமும் வடிவமைத்தவர்களில், 2024-ல் முடிதுறந்த ராணி மார்கரெத்தேயும் ஒருவர். பெயருக்குச் செய்ததல்ல, பென்சில் பிடித்து வரைந்தார்.

1844 முதல் சிறுவர் படை ஒன்றும் உண்டு. உயரமான கரடித்தோல் தொப்பி, சிவப்புச் சட்டை, பாண்டு வாத்தியத்தோடு அணிவகுப்பு. அண்மைக்காலமாகப் பெண்பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். வேடிக்கைக் கோலம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒழுங்காக இசைப்பயிற்சி பெற்ற பிள்ளைகள் அவர்கள்.

1944 ஜூனில் நாஜிகளுக்கு ஒத்துழைத்த டேனிஷ் கும்பல் இங்கே குண்டு வைத்தது. இசை மண்டபம் எரிந்து போனது. ஊரே உயிராக நினைப்பதை உடைத்தால் ஊர் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டார்கள். சில வாரங்களிலேயே டிவோலி மறுபடி திறந்தது.

டிவோலிக்கு வெளியே இந்த ஊரில் குழந்தைகளுக்கென்றே வருகிற விழா ஃபாஸ்டெலவ்ன். ஈஸ்டருக்கு ஏழு வாரம் முன்னால் வரும் ஞாயிறு, பெரும்பாலும் பிப்ரவரிக் குளிரில். வேஷம் போட்ட பிள்ளைகள் வரிசையில் நின்று, தொங்கும் மரப்பீப்பாயைத் தடியால் ஆளுக்கு ஒரு அடி அடிப்பார்கள். நம் உறியடிதான், ஆனால் வழுக்குமரமும் கிடையாது, தண்ணீர் பீச்சுவாரும் கிடையாது. அந்தக் காலத்தில் பீப்பாய்க்குள் உயிரோடு ஒரு கறுப்புப் பூனையை அடைத்திருப்பார்களாம். கெட்டதை விரட்டும் சடங்கு. இப்போது உள்ளே மிட்டாய். பீப்பாயின் அடிப்பலகையை உடைக்கிற பிள்ளை 'பூனை ராணி', கடைசிப் பலகையை வீழ்த்துகிற பிள்ளை 'பூனை ராஜா'. விமான நிலையம் இருக்கும் அமாகர் தீவில் பெரியவர்கள் குதிரைமேல் பாய்ந்துவந்து பீப்பாயை அடிக்கிறார்கள். 16-ம் நூற்றாண்டில் அரசர் அழைத்துவந்து குடியமர்த்திய டச்சு விவசாயிகளின் ஊர்ப்பக்கம் அது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த விழாவைத்தான். டிக்கெட் இல்லை, கம்பித் தடுப்பு இல்லை. க்ரீம் வைத்த பன் மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

ஜூன் 23 இரவு சங்க்ட் ஹான்ஸ். கடற்கரைகளில் நெருப்பு மூட்டி, அதன் உச்சியில் வைக்கோல் சூனியக்காரியை வைத்து எரிக்கிறார்கள். சூனியக்காரிகள் என்று சொல்லி உயிருள்ள பெண்களையே எரித்த தேசம் இது என்பது நினைவில் இருந்தால், அந்தப் பொம்மை அத்தனை வேடிக்கையாகத் தெரியாது. டேனிஷ்காரர்களிலும் சிலர் இதைச் சொல்லத்தான் செய்கிறார்கள். பொம்மையில்லாமலும் நெருப்பு அழகாகவே எரியும்.

செலவு விஷயம். டிவோலியில் நுழைவுக்கு ஒரு கட்டணம், ராட்டினங்களுக்குத் தனி. நாலு பேர் குடும்பம் பர்ஸைத் திறந்துகொண்டேதான் நடக்க வேண்டும். வருஷம் முழுக்கத் திறந்தும் இருக்காது: கோடை, ஹாலோவீன், கிறிஸ்துமஸ் என்று பருவம் பருவமாக. கையைக் கடிக்கிறது என்றால் வடக்கே போகும் புறநகர் ரயிலில் ஏறி கிளம்பென்போர்க்கில் இறங்குங்கள். மான்கள் மேயும் காட்டுக்குள் 'பாக்கன்' இருக்கிறது. 1583-ல் ஊற்றுத் தண்ணீர் குடிக்க வந்த கூட்டத்தையும், அந்தக் கூட்டத்தைத் தேடிவந்த வித்தைக்காரர்களையும் கொண்டு தொடங்கியது; உலகின் மிகப் பழைய கேளிக்கைப் பூங்கா என்று சொல்லப்படுவது. உள்ளே போகக் காசில்லை, ஏறும் ராட்டினத்துக்குக் கொடுத்தால் போதும். டிவோலியின் அலங்காரமெல்லாம் இல்லை. பீர், வாணலிச் சத்தம், கொஞ்சம் கூச்சல். அங்கேயும் ஒரு பியரோ உண்டு, அவரிடமும் குழந்தைகள் கூட்டம்தான்.

அடுத்த வாரம் ஸ்டாக்ஹோம். நாடெங்கும் இருந்து பழைய வீடுகளைப் பெயர்த்துவந்து ஒரு குன்றின்மேல் நட்டு, அந்தக் குன்றிலேயே தன்னையும் புதைக்கச் செய்த ஆர்ட்டூர் ஹசேலியஸைப் பார்ப்போம்.