மூடியைத் திறக்காதீர்கள்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் குளிர் வந்துவிட்டால் பீன்ஸும் சாசேஜும் சேர்ந்த கெட்டிக் குழம்பு அடுப்பேறும். லூசியானாவில் இதற்குப் புகையூட்டிய ஆந்தூய் சாசேஜ். வெங்காயம், செலரி, குடமிளகாய் மூன்றும் வதங்கினால்தான் அந்த ஊர் மணம். கடைசியில் மைதா, பேக்கிங் பவுடர், பால் கலந்த மாவைக் கரண்டியால் அள்ளிக் கொதிக்கும் குழம்பின் மேல் போட்டு மூடுவார்கள். ஆவியிலேயே உப்பி வேகும் டம்ப்ளிங் அது. கால் மணி நேரம் திறந்து எட்டிப் பார்க்கக் கூடாது; ஆவி போனால் மாவு அமுங்கிவிடும்.

இந்தக் குழம்புக்கு ராஜ்மா பீன்ஸ் எடுத்தால் முக்கியமான விஷயம் இன்னொன்று. பச்சை ராஜ்மாவில் வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் லெக்டின் என்ற புரதம் உண்டு. 5 மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரமாவது தளதளவெனக் கொதிக்க விடுங்கள். இளஞ்சூட்டில் மட்டும் வேகவைத்தால் அந்த நஞ்சு போகாது.