உலோகம் அதிர்ந்து பிடிக்கும் சிற்றலை

1950-களில் அமெரிக்க ராணுவத்துக்காகக் காலின்ஸ் ரேடியோ நிறுவனம் வடிவமைத்த ஆர்-390ஏ சிற்றலை ரேடியோ ரிசீவரின் எடை சுமார் 38 கிலோ. உள்ளே 26 வால்வுகள். 32 மெகாஹெர்ட்ஸ் வரை, எந்த அதிர்வெண்ணில் கேட்கிறோம் என்பதைக் கிலோஹெர்ட்ஸ் கணக்கில் எண்களாகவே காட்டும். இத்தனைக்கும் அதில் ஒரு மின்னணுச் சில்லுகூடக் கிடையாது. எல்லாம் பற்சக்கரங்களின் வேலை.

குமிழைத் திருப்பினால் சக்கரங்கள் சுழன்று, கம்பிச்சுருள்களுக்குள் இருக்கும் காந்த உள்ளகங்களை ஏற்றி இறக்குகின்றன. உள்ளகம் எவ்வளவு ஆழம் நுழைகிறதோ, அதற்கேற்பச் சுருள் ஒத்திசைகிற அதிர்வெண்ணும் மாறும். எண்காட்டியை உருட்டுவதும் அதே சக்கரங்கள்தாம். பத்துச் சுற்றுக்கு ஒரு மெகாஹெர்ட்ஸ்.

அதைவிட வியப்பு, வடிகட்டி. சிற்றலை அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கண்டம் தாண்டி வருவதால், பல நாட்டு நிலையங்கள் அடுத்தடுத்து நெருக்கியடிக்கும். வேண்டியதை மட்டும் பிரிக்க, சமிக்ஞை 455 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றப்பட்டு ஒரு சிறு உலோகக் குழலுக்குள் போகிறது. காந்தப்புலம் மாறும்போது மிக நுண்ணியதாக நீண்டு சுருங்கும் உலோகம், மின்சாரத்தை அதிர்வாக்குகிறது. வரிசையாக நிற்கும் உலோகத் தட்டுகள் தமக்கு இசைந்த அதிர்வுகளை மட்டும் கடத்துகின்றன. மறுமுனையில் அதிர்வு மீண்டும் மின்சாரமாகிறது. கடல்கடந்து வந்த குரல், நம் காதை எட்டுமுன் கணநேரம் உலோகத்தின் நடுக்கமாக இருக்கிறது!

இந்த வடிகட்டியைக் காப்பது சி-553 என்ற சின்னக் கெபாசிட்டர். வால்வுக்குரிய உயர் மின்னழுத்தம் வடிகட்டிக்குள் புகாமல் தடுப்பது அதுதான். வயதாகி அது பழுதானால் வடிகட்டியின் மெல்லிய சுருள் கருகிவிடும். கெபாசிட்டர் மலிவு, வடிகட்டிக்கு மாற்று கிடைப்பது அரிது. அதனால்தான் இதைச் சீரமைக்கும் அனுபவசாலிகள் மின்சாரம் கொடுக்குமுன்பே அந்தக் கெபாசிட்டரை மாற்றிவிடுகிறார்கள். பிறகு, சக்கரங்களில் இறுகிப்போன கிரீஸைக் கழுவி மெல்லிய எண்ணெய் இடுகிறார்கள்.

தனித்தனிப் பகுதிகளாகக் கழற்றும்படியே இதைக் கட்டியிருக்கிறார்கள். போர்க்களத்துப் பராமரிப்புக்காகச் செய்த அந்த ஏற்பாடுதான் இன்றும் இதை உயிரோடு வைத்திருக்கிறது. பழுதுபார்க்க முடிகிற பொருளே நீண்ட நாள் வாழும்.

பழைய வால்வு ரேடியோ எதுவாக இருந்தாலும், கிடைத்தவுடன் ப்ளக்கைச் செருகிவிடாதீர்கள். முதலில் கெபாசிட்டர்களைச் சோதியுங்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கலாம். விவரம் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த மின்னேற்றத்தை இறக்கிய பின்னரே உள்ளே கை வையுங்கள்.