‘நல்ல ஐடியா தம்பி’ என்ற பேச்சை நம்பிப் பணம் போடலாமா?

வெள்ளிக்கிழமைதோறும் சாமிப் பூவும் வெற்றிலையும் வீட்டு வாசலுக்கே வரும். மாதச் சந்தா 40 ரிங்கிட். அதற்கென ஒரு செயலி. இப்படியோர் எண்ணம் தோன்றினால் நம் இளைஞர்கள் முதலில் அம்மாவிடமும் அத்தையிடமும் நண்பர்களிடமும்தான் சொல்வார்கள். பதிலும் ஒன்றுதான்: “நல்ல ஐடியா தம்பி, செய்!”

அதை நம்பிச் சேமிப்பைப் போட்டு, போதாததற்கு அம்மாவின் வளையலையும் அடகு வைத்துச் செயலியை உருவாக்கிய பிறகு, பாராட்டியவர்களே சந்தா கட்டாமல் போகலாம். அவர்கள் ஏமாற்றவில்லை. பிள்ளை மனம் நோகக்கூடாது என்று சொன்ன வார்த்தை அது. பாராட்டுக்குச் செலவில்லை, சந்தாவுக்கு மாதாமாதம் செலவு உண்டு.

ரோப் பிட்ஸ்பாட்ரிக் 2013இல் வெளியிட்ட ‘தி மோம் டெஸ்ட்’ என்ற நூல் இதைத்தான் பேசுகிறது. உங்கள் யோசனையைப் பற்றிக் கருத்துக் கேட்காதீர்கள். எதிரில் இருப்பவர் இதுவரை என்ன செய்தார் என்று கேளுங்கள் என்பது அதன் சாரம்.

“இப்படி வந்தால் வாங்குவீர்களா?” என்று கேட்டால் “வாங்குவேன்” என்றுதான் பதில் வரும். மாறாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

• போன மாதம் எத்தனை வெள்ளிக்கிழமை பூ வாங்கினீர்கள்?
• எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள்?
• வாங்க முடியாத அன்று என்ன செய்தீர்கள்?
• ஏதாவது சந்தா கட்டி நிறுத்தியதுண்டா? ஏன்?

“வாசலில் இருக்கும் செம்பருத்தியைப் பறித்துக்கொள்வேன்” என்று அத்தை சொன்னால், அவர் உங்கள் வாடிக்கையாளர் அல்லர். வேலை முடிந்து அலுத்து வரும் வழியில் பூக்கடை தேடி அலைபவரே வாடிக்கையாளர்.

அடுத்து, செயலி இல்லாமலேயே தொடங்குங்கள். உங்கள் தாமானில் பத்து வீடு, ஒரு வாட்சாப் குழு போதும். ஒரு மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்குங்கள். பணம் கேட்கும்போதுதான் உண்மையான கருத்து வெளிவரும். பூ விலை, பெட்ரோல், வாடிய பூவுக்கு மாற்று என எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஐந்து வெள்ளிக்கிழமை வரும் மாதத்தில் 40 ரிங்கிட் கணக்கு உதைக்கும். அதுவும் அப்போது புரியும்.

சந்தாத் தொழிலின் உயிர் இரண்டாம் மாதத்தில் இருக்கிறது. முதல் மாதம் உங்கள் முகத்துக்காகக் கட்டுவார்கள். மறுமாதம் நீங்கள் கேட்காமலே எத்தனை பேர் கட்டுகிறார்கள் என்பதே சரியான அளவுகோல்.

இன்றைய கிராப் நிறுவனம் 2012இல் கோலாலம்பூரில் ‘மைடெக்சி’ என்ற பெயரில் தொடங்கியபோது, அதை நடத்தியவர்கள் டாக்சி ஓட்டுநர்களை நேரில் தேடிச்சென்று, திறன்பேசியைக் கையாளவும் சொல்லிக்கொடுத்தார்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வந்து கருத்துக் கேட்டால், “நான் இதற்குப் பணம் கட்டமாட்டேன் ஐயா, காரணம் இதுதான்” என்று அன்போடு சொல்லுங்கள். அம்மாவின் வளையல் கையிலேயே இருக்கும்.