பல்லில் பதியும் பீங்கான்

முறிந்த எலும்பு கூடும். கிழிந்த தோல் மூடும். பல்லின் மேலுறையாகிய பற்சிப்பியோ ஒருமுறை இழந்தால் மீண்டும் வளர்வதில்லை. அதனைக் கட்டியெழுப்பிய உயிரணுக்கள், பல் ஈறைத் துளைத்து வெளிவருவதோடு அழிந்துவிடுகின்றன. ஆதலால் சொத்தையால் குழி விழுந்த பல்லை அயற்பொருள் ஒன்றால் அடைத்தே காக்க வேண்டியுள்ளது. முன்னாளில் உலோகத்தால் அடைத்துக்கொண்ட பலர், கருமையேறிய அவ்வடைப்பை அகற்றிவிட்டுக் கணினி செதுக்கும் பல்நிறப் பீங்கானைப் பதித்துக்கொள்ளலாமா என இன்று வினவுகின்றனர். விடை ஒவ்வொரு பல்லுக்கும் வேறுபடும்.

பாதரசம் அறை வெப்பநிலையிலேயே நீர்மமாக இருக்கும் உலோகம். வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் பொடியை அதனோடு குழைத்தால் பசை போன்ற கலவை கிடைக்கும். குழியில் இட்டு அழுத்தினால் சிறிது நேரத்தில் இறுகத் தொடங்கி, ஒரு நாளில் முழு வன்மை பெறும். இரசக்கலவை எனப்படும் இதன் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசமே. மக்கள் இதனை 'வெள்ளி அடைப்பு' என்றே அறிவர். 1833ஆம் ஆண்டு கிராக்கர் சகோதரர்கள் இத்தகைய கலவையை நியூயார்க்கு நகருக்குக் கொண்டுவந்தபோது அங்கிருந்த பல் மருத்துவர்கள் கொதித்தெழுந்தனர். 1840இல் தோன்றிய அமெரிக்கப் பல் அறுவை மருத்துவர் சங்கம், இக்கலவையைத் தொடுவதில்லை என உறுப்பினர்களிடம் உறுதிமொழி கேட்டது. பூசல் வளர்ந்து, 1856இல் சங்கமே கலைந்தது. உலோகங்களின் அளவை ஆராய்ந்து ஜி.வி. பிளாக் 1895இல் முறைப்படுத்திய பின்னரே கலவை நம்பிக்கைக்குரியதாயிற்று. விலை குறைவு, உமிழ்நீரின் ஈரம் சிறிது பட்டாலும் பெரிதும் கெடாது, பல்லாண்டு உழைக்கும். பிடுங்கி எறியப்பட்டிருக்கக்கூடிய எண்ணற்ற ஏழைகளின் பற்களைக் காத்தது இந்த அழகற்ற உலோகமே என்பதை மறத்தல் தகாது.

எனினும், அதன் குறை நிறத்தோடு நின்றுவிடவில்லை. இரசக்கலவை தானாகப் பல்லோடு ஒட்டுவதில்லை. எனவே குழியின் வாயைவிட அடிப்பகுதியைச் சற்று அகலமாகக் குடைந்து, அடைப்பு வெளிவராதவாறு பூட்டி வைக்கவேண்டும். இதற்காக நலமான பற்பகுதியும் வெட்டப்படும். அடைப்பு பெரிதாக இருப்பின் மெலிந்த பக்கச்சுவர்கள் மெல்லும் அழுத்தத்தைத் துணையின்றித் தாங்குகின்றன. மேலும், சூட்டிலும் குளிரிலும் இவ்வுலோகம் பல்லைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிந்து சுருங்கும். ஆண்டுகள் செல்லச் செல்லச் சுவரில் விரிசல் விழுவதும், ஒருநாள் முறுக்கு கடிக்கையில் ஒரு பக்கம் பெயர்ந்துவிடுவதும் உண்டு.

பல்லோடு ஒன்றாகப் பிணையும் பொருள் வேண்டும் என்ற தேடல், சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகத்தில் புதிய வழியைக் கண்டது. பல் மருத்துவர் வெர்னர் மோர்மன், மின்பொறியாளர் மார்க்கோ பிராண்டெஸ்டினி ஆகிய இருவரும், குழியை ஒளிப்படக் கருவியால் அளந்து, அவ்வளவின்படி பீங்கான் துண்டை நோயாளியின் இருக்கைக்கு அருகிலேயே செதுக்கும் பொறியை உருவாக்கினர். 1985ஆம் ஆண்டு செப்டம்பரில் முதல் நோயாளிக்கு அவ்வாறு செய்த அடைப்பு பொருத்தப்பட்டது. செரெக் எனப் பெயர்பெற்ற அம்முதற்பொறி குழிக்குள் பொருந்தும் பகுதியைச் செதுக்கியதே தவிர, மெல்லும் பரப்பின் மேடுபள்ளங்களை மருத்துவர் தம் கையாலேயே வடிக்க வேண்டியிருந்தது. பின்வந்த பொறிகள் அவ்வேலையையும் ஏற்றுக்கொண்டன.

இன்று பழைய அடைப்பை அகற்றிக் குழியைச் சீர்செய்தபின், பேனா போன்ற ஒளிவருடி ஒன்று வாய்க்குள் நகர்த்தப்படுகிறது. அது எடுக்கும் படங்களை இணைத்துக் கணினி முப்பரிமாண உருவத்தைத் திரையில் காட்டும். அண்டைப் பற்களையும் எதிர்வரிசைப் பற்களையும் கணக்கில் கொண்டு, இழந்த பகுதியின் வடிவத்தை அது முன்மொழியும், மருத்துவர் திருத்துவார். பிறகு வைரத்துகள் பதித்த சிறு கருவிகள், நீர் பீய்ச்சப்பட, பீங்கான் கட்டியைச் செதுக்குகின்றன. லித்தியம் டைசிலிக்கேட்டு என்னும் வகைக்கு ஒரு வியத்தகு இயல்பு உண்டு. செதுக்கும்போது அது நீலநிறமாகவும் ஓரளவே வன்மை உடையதாகவும் இருக்கும். ஏறத்தாழ 850 பாகை செல்சியசில் சுட்டபின்னரே படிகங்கள் வளர்ந்து வன்மை பெருகும். பல்லின் நிறமும் தோன்றும். இறுதியில் பீங்கானின் உட்பரப்பை அமிலத்தால் சொரசொரப்பாக்கி, பிசின்வகைப் பசையால் பல்லோடு பிணைக்கின்றனர். இப்பிணைப்பே இம்முறையின் உயிர். மெலிந்த சுவர்களைப் பீங்கான் தன்னோடு இறுகப் பற்றிக்கொள்வதால் பல் ஓரளவு பழைய உறுதியை மீட்கிறது.

அவ்வாறாயின் எல்லா உலோக அடைப்புகளையும் உடனே மாற்றிவிடலாமா? கூடாது. அடைப்பை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குழி சிறிதேனும் பெரிதாகும். பீங்கான் மெலிந்தால் உடையும் தன்மையது. அதற்குப் போதிய கனம் தரவும் பல்லைக் குறைக்க நேரிடும். பசை இறுகும் வேளையில் உமிழ்நீர் பட்டால் பிணைப்பு பழுதாகும். பழைய கலவையைத் துளைத்தெடுக்கையில் வெப்பத்தால் பாதரச ஆவி வெளிப்படுவதால், மிகுதியாக நீர் பாய்ச்சி, ஆற்றல்மிக்க உறிஞ்சுகுழாய் வைத்து, இரப்பர்த் திரையால் பல்லைத் தனிமைப்படுத்திப் பணி செய்தல் வேண்டும். நல்ல நிலையிலுள்ள அடைப்பை மருத்துவத் தேவையின்றி அகற்ற வேண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2020இல் கூறியதற்கும் இவையே காரணங்கள். விளிம்பு உடைந்து அடியில் மீண்டும் சொத்தை பற்றியிருந்தாலோ, பற்சுவரில் விரிசல் கண்டு கடிக்கும்போது சுருக்கென வலித்தாலோ மாற்றுவது முறை. கருமை கண்ணுக்கு உறுத்துகிறது என்பதற்காக மட்டும் உறுதியான பல்லைக் குடைவது, அழகின் பெயரால் பல்லுக்குச் செய்யும் கேடு என்றே கூறத் தோன்றுகிறது.

புதிதாக உலோகம் இடலாமா என்பது தனி வினா. பாதரசக் கழிவு நீரில் கலந்து மீனின் வழியாக மனிதரைச் சேர்ந்து பேரழிவு விளைத்த சப்பானிய ஊரின் பெயரால் அமைந்த மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதனை ஏற்றது. பல்லடைப்பில் பாதரசத்தைப் படிப்படியாகக் குறைக்கும் கடமையும் அதில் அடங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2025ஆம் ஆண்டின் தொடக்கம் முதல், தவிர்க்கவியலா மருத்துவத் தேவைகள் நீங்கலாக, இக்கலவையின் பயன்பாட்டை நிறுத்திவிட்டது. வாயிலிருந்து அகற்றிய துணுக்குகளையும் சாக்கடையில் விடுதல் ஆகாது. கழிவுநீர்க் குழாயில் பிரிப்பான் பொருத்தி, அவற்றைத் தனியே சேர்த்து, பாதரசத்தை மீட்கும் நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டும்.